‘ஒன்றுமில்லை’ என்பதை யார் சரிபார்ப்பது?

கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ அலைபேசிக்கு ஒரு வரி வரும்: ‘நெகட்டிவ்’. வீடே பெருமூச்சு விடும். அந்த ஒற்றைச் சொல்லை எழுதுவதற்கு முன் ஆய்வகத்தில் ஒருவர் இரண்டாவதாக இன்னொரு கோட்டையும் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்தக் கோட்டைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசவில்லை.

ஆர்டி-பிசிஆர் கருவியின் திரையில், வைரஸின் மரபணு இருந்தால் அது சுழற்சிக்குச் சுழற்சி பெருகி, கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் தரையோடு தட்டையாகக் கிடக்கும். தட்டையாகக் கிடந்தால் வைரஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? குச்சி மூக்கின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்திருந்தாலும் கோடு தட்டைதான். மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் வேலை சொதப்பியிருந்தாலும் தட்டைதான். நோய் இல்லாததும் வேலை நடக்காததும் அந்தத் திரையில் ஒரே மாதிரி தெரியும்.

அதனால்தான் வைரஸோடு சேர்த்து, மனிதராகப் பிறந்த எவர் உடம்பிலும் இருக்கிற ஒரு மரபணுவையும் தேடுகிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சோதனை முறையில் அது ஆர்.என்.ஏஸ்-பி. வேறு பல கிட்களிலும் அதுவோ அதைப் போன்ற ஒன்றோ இருந்தது. மனித மரபணுவின் கோடு ஏறி, வைரஸின் கோடு படுத்திருந்தால் ‘நெகட்டிவ்’. இரண்டுமே படுத்துவிட்டால் ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. சோதனை செல்லாது, மாதிரியை மறுபடி எடுத்து வா என்று அர்த்தம். ஆய்வகத்தார் அந்த இரண்டாவது கோட்டுக்கு வைத்திருக்கும் பெயர் இன்டர்னல் கன்ட்ரோல். அகக்கட்டுப்பாடு.

இதே பெயரை வங்கித் தணிக்கையாளர் சொன்னால் அவர் பேசுவது பணத்தைப் பற்றி. உளவியலாளர் சொன்னால் மனத்தைப் பற்றி. சர்க்கரை நோய் மருத்துவர் உடம்புக்குள் நடக்கும் வேறொரு கட்டுப்பாட்டைச் சொல்வார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் ஆய்வகத்துத் தட்டைக் கோடு எழுப்பும் கேள்வியை எல்லாரிடமும் கேட்கலாம்: ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வருகிறபோது, அந்தப் பதிலைச் சரிபார்ப்பது எது?

முதலில் பணம். பி.காம். படித்தவர்கள் தணிக்கைப் பாடத்தில் இதை மனப்பாடம் செய்து எழுதியிருப்பார்கள்: பணத்தை வாங்குபவர் ஒருவர், பேரேட்டில் எழுதுபவர் இன்னொருவர், சரிபார்ப்பவர் மூன்றாமவர். சட்டம் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்கா 1977-இல், வெளிநாட்டு லஞ்சங்களைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத்தில், நிறுவனங்கள் கணக்கு அகக்கட்டுப்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. 1992-இல் கோசோ என்ற குழு அதற்கொரு சட்டகம் வகுத்தது. என்ரான், வேர்ல்ட்காம் என்ற அமெரிக்க நிறுவனங்கள் கணக்கு மோசடியில் கவிழ்ந்த பிறகு, 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று நிர்வாகமே கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும் என்றது. சட்டகங்களின் உறுப்புகளையும் கோட்பாடுகளையும் ஒப்பித்து அவையைத் தூங்க வைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாடு வேலை செய்யாதபோது என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம்.

பேரிங்ஸ் வங்கி லண்டனில் 1762-இல் தொடங்கியது. 1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியபோது அதற்குப் பணம் புரட்டிக் கொடுத்ததில் இந்த வங்கிக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட வங்கி 1995 பிப்ரவரி 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை விரித்தது. நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. அதை உண்டாக்கியவர் சிங்கப்பூர்க் கிளையில் இருந்த நிக் லீசன் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர்.

லீசன் சிங்கப்பூர் சந்தையில் வாங்கி விற்றார். அந்த வியாபாரங்களைக் கணக்கில் ஏற்றிச் சரிகட்டும் பின்னறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. வாங்குபவரும் எழுதுபவரும் ஒரே ஆள். 1992-இல் சில்லறைத் தவறுகளை வைக்க 88888 என்ற எண்ணில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. அந்தக் கணக்கு லண்டனுக்குப் போகும் அறிக்கைகளில் ஏறாதபடி மென்பொருளில் ஒரு மாற்றமும் செய்யப்பட்டது. நஷ்டமெல்லாம் அதில் போய் விழ, தலைமையகத்துக்கு லாபம் மட்டுமே தெரிந்தது. லண்டனில் இருந்தவர்களுக்குச் சிங்கப்பூரின் கோடு தட்டையாகக்கூட இல்லை. அழகாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. போனஸ் கொடுத்தார்கள்.

அகக்கட்டுப்பாடு அந்த வங்கியில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 1994 கோடையில் வங்கியின் உள்தணிக்கையாளர்கள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். முன்னறையும் பின்னறையும் ஒருவர் கையில் இருப்பது ஆபத்து, பிரிக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். அறிக்கை ஊர் போய்ச் சேர்ந்தது. லீசன் இருந்த இடத்திலேயே இருந்தார். 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. லீசன் பந்தயம் கட்டியிருந்த டோக்கியோ பங்குச் சந்தை சரிந்தது. விட்டதைப் பிடிக்க லீசன் பந்தயத்தைப் பெருக்கினார்.

இந்தக் கதையில் ஒரு தாள் உண்டு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய தாள். 1994-ஆம் ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்த வெளித்தணிக்கையாளர்கள் சுமார் 5 கோடி பவுண்டு எங்கே என்று கேட்டார்கள். நியூயார்க் நிறுவனம் ஒன்று தரவேண்டிய பாக்கி என்றார் லீசன். அப்படியானால் அந்த நிறுவனத்திடமிருந்து உறுதிக் கடிதம் வேண்டும். கத்தரிக்கோல், பசை, நகலெடுக்கும் எந்திரம் மூன்றையும் வைத்து லீசன் கடிதத்தைத் தயாரித்தார். வேறு தாள்களிலிருந்து கையெழுத்தை வெட்டி ஒட்டினார். பிறகு தன் வீட்டு ஃபேக்ஸிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்த எந்திரத்துக்கு ஒரு பழக்கம்: தாளின் தலையில் அனுப்புகிறவர் பெயரைத் தானாகவே அச்சடிக்கும். நியூயார்க் நிறுவனத்தின் உறுதிக் கடிதம், நிக் தம்பதியர் அனுப்பியது என்ற தலைப்போடு தணிக்கையாளர் மேசைக்கு வந்தது. அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கோப்பில் கடிதம் இருக்கிறதா, இருக்கிறது, டிக் போட்டாயிற்று. கடைசியில் டச்சு வங்கியான ஐஎன்ஜி ஒரு பவுண்டு விலைக்குப் பேரிங்ஸை வாங்கிக்கொண்டது, கடன்களோடு சேர்த்து.

இதைக் கேட்டுவிட்டு வெள்ளைக்காரன் வங்கி என்று யாரும் சிரிக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி (பி.என்.பி.) தன் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நடந்த மோசடியை வெளியே சொன்னது. முதலில் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பிறகு 13,000 கோடியைத் தாண்டியது. வைர வியாபாரிகளான நீரவ் மோடி, மெகுல் சோக்ஸி ஆகியோரின் நிறுவனங்களுக்காக, வெளிநாட்டில் கிளை வைத்திருக்கும் இந்திய வங்கிகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள் போயின. போன வழி ஸ்விஃப்ட் என்ற சர்வதேசச் செய்தி வலை. வங்கியின் அன்றாடக் கணக்கெல்லாம் இருப்பது கோர் பேங்கிங் என்ற வேறொரு அமைப்பில். அப்போது இரண்டுக்கும் இணைப்பு கிடையாது. ஸ்விஃப்டில் கடிதத்தை அனுப்பிவிட்டு கோர் பேங்கிங்கில் பதியாமல் விட்டால், வெளிநாட்டுக் கிளைக்கு பி.என்.பி. பொறுப்பு, பி.என்.பி.யின் சொந்தக் கணக்கிலோ ஒன்றுமில்லை. பழைய கடிதத்துக்குத் தவணை வந்தால் புதிய கடிதத்தால் அடைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் பணம் கேட்டு வரவில்லை. புகார் இல்லை, பாக்கி இல்லை, கோடு தட்டை.

எப்படி வெளியே வந்தது? பல ஆண்டுகள் அதே இருக்கையில் இருந்த அதிகாரி 2017-இல் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் அதே நிறுவனத்தார் வழக்கம்போலக் கடிதம் கேட்டு வந்தார்கள். புதிய அதிகாரி முழுத் தொகைக்கும் ரொக்கப் பிணை கேட்டார். இதுவரை எங்களிடம் அப்படியெல்லாம் கேட்டதில்லையே என்றார்கள் வந்தவர்கள். அந்த ‘இதுவரை’ எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடியபோதுதான் எங்கேயும் இல்லை என்பது தெரிந்தது. ஸ்விஃப்டைத் தவறாகப் பயன்படுத்த இடமிருக்கிறது என்று 2016 ஆகஸ்டிலிருந்தே ரிசர்வ் வங்கி எச்சரித்து வந்திருந்தது. எச்சரிக்கைச் சுற்றறிக்கைகளும் கோப்பில் பத்திரமாக இருந்தன.

ஆள் மாறினால் உண்மை வெளியே வரும் என்பது வங்கிக்காரர்களுக்குப் புதிய சேதி அல்ல. முக்கியமான இருக்கைகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து பத்து வேலை நாள் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2021-இல் அதை இறுக்கியது: விடுப்பை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, திடீரென்று வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கிளையில் லீவே எடுக்காமல் உழைக்கும் அதிகாரியைப் பார்த்தால் ஊர் பாராட்டும். தணிக்கையாளர் நெற்றியைச் சுருக்குவார். அந்தப் பத்து நாளில் அவர் நாற்காலியில் உட்காரும் இன்னொருவர்தான் ஆர்.என்.ஏஸ்-பி.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் பிராடி ஹவுஸுக்கு நேர் எதிரான ஓட்டை. 2009 ஜனவரி 7-இல் அதன் தலைவர் பி. ராமலிங்க ராஜு தாமே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பிராடி ஹவுஸில் இருந்த கடன் கணக்கில் இல்லை. இங்கே இல்லாத பணம் கணக்கில் இருந்தது. வங்கியில் பணம் இருக்கிறதா என்று தணிக்கையாளர் நேரடியாக வங்கிக்கு எழுதி, பதிலைத் தன் கையில் வாங்க வேண்டும் என்பது பாலபாடம். கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் தணிக்கையாளர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011-இல் சொன்னது. அதன் பிறகு வந்த 2013 கம்பெனிச் சட்டத்தில், நிதி சார்ந்த அகக்கட்டுப்பாடு போதுமானதா, வேலை செய்கிறதா என்று தணிக்கையாளர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிரிவு இடம்பெற்றது.

இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சபை இதை யோசித்திருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை என்றதும் மேடையில் ஜனநாயகம் என்று கைதட்டு விழும். அது நிலமும் கல்வியும் உள்ள பிராமணச் சபையின் தேர்தல். எல்லாருக்கும் ஓட்டு இல்லை. அந்தக் கல்வெட்டில் வியக்க வேண்டியது நடைமுறை. ஓலைகள் உள்ள குடத்தை எல்லாரும் பார்க்கும்படி ஒரு பெரியவர் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

விரல் விரித்து வாங்கு என்று கல்லில் வெட்ட வேண்டிய தேவை எப்படி வந்திருக்கும்? யாரோ ஒருவர் விரல் மடக்கி வாங்கிய அனுபவம் சபைக்கு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். மத்தியஸ்தன் கெட்டவன் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே எழாதபடி செய்துவிட்டது. அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும், அவன் கணக்கை முடிக்க வேறொருவனைப் போடக் கூடாது என்றும் சொல்கிறது. ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிய ஆளைக் கேளுங்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுபடியும் ஆய்வகத்துக்குப் போகலாம், இம்முறை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. காலையில் முதல் நோயாளியின் மாதிரியைக் கருவியில் ஏற்றுவதற்கு முன், அளவு தெரிந்த ஒரு சீரத்தை ஓட்டுவார்கள். சர்க்கரை இவ்வளவு, யூரியா இவ்வளவு என்று முன்பே தெரிந்த சீரம். கருவி சொல்லும் எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த முறை இது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். 1981-இல் வெஸ்ட்கார்டு இதற்குச் சில விதிகளைச் சேர்த்தார். அவற்றில் ஒன்று அழகானது: தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால், அவை எல்லைக்குள்ளேயே இருந்தாலும், கருவியைச் சந்தேகி. பத்து நாளும் ‘சரி’ என்று வந்தது. பத்தும் சேர்ந்து எதுவோ சரியில்லை என்கின்றன. பேரிங்ஸில் இப்படி ஒருவர் படம் வரைந்திருக்கலாம்.

இந்த வரைபடத்தைக் கெடுப்பதும் எளிது. புள்ளி எல்லைக்கு வெளியே விழுகிறது. வரவேற்பறையில் வெறும் வயிற்றோடு கூட்டம் காத்திருக்கிறது. அதே சீரத்தை மறுபடி ஓட்டு. இன்னும் வெளியேயா? புதிய குப்பியைத் திற. உள்ளே விழும்வரை ஓட்டி, விழுந்ததை மட்டும் எழுது. ஆனால் இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே சுமார் இருபதில் ஒரு புள்ளி தற்செயலாகவே விழுந்தாக வேண்டும்; அது கணிதம். ஆண்டு முழுக்க ஒரு புள்ளிகூட வெளியே போகாத படத்தைப் பார்க்கும் அனுபவசாலி, கருவியைப் பாராட்ட மாட்டார், எழுதியவரைக் கூப்பிடுவார். உள்ளே நடக்கும் சோதனை போதாது என்பதால்தான் வெளியிலிருந்து அளவு சொல்லாத மாதிரிகள் வருகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நாடு முழுதும் உள்ள ஆய்வகங்களுக்கு அப்படி அனுப்பி, வந்த விடைகளை ஒப்பிட்டுச் சொல்கிறது.

உளவியலில் கதை தலைகீழாகிறது. ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்ட ஆய்வுரையில் 29 இணைக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். அவற்றில் ஆறு, நோக்கத்தை மறைக்கச் சேர்த்தவை. நடப்பதெல்லாம் என் செயலால் என்று நம்புகிறவருக்கு அகக்கட்டுப்பாடு. விதியால், அதிர்ஷ்டத்தால், மேலே இருப்பவர்களால் என்று நம்புகிறவருக்குப் புறக்கட்டுப்பாடு. தமிழ் வாசகருக்கு இந்தப் பிரிவினை அந்நியமானதல்ல. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழ், 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ராட்டரின் அளவுகோல் கையில் கிடைத்ததும் சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் அகக்கட்டுப்பாடு உள்ளவர் நல்லவர், மற்றவர் சோம்பேறி என்று பிரித்துவிட்டார்கள். அப்படிப் பிரிக்காதீர்கள் என்று 1975-இல் ராட்டரே எழுதிப் பார்த்தார். கேட்டவர் குறைவு.

அதே ஆண்டில் எலன் லாங்கர் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்கப்பட்டது. சிலர் தாங்களே சீட்டைப் பொறுக்கினார்கள். சிலருக்குக் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு, சீட்டைத் திருப்பிக் கொடுக்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே பொறுக்கியவர்கள் கேட்டது 8.67 டாலர். குலுக்கலில் இருவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். தன் கை பட்டதாலேயே சீட்டுக்கு யோகம் கூடிவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது.

லீசனையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். எல்லாம் தன் கையில் இருக்கிறது, அடுத்த வாரம் மீட்டுவிடலாம் என்று நம்புகிறவருக்கு உளவியலாளர் சொல்லும் அகக்கட்டுப்பாடு வேண்டிய அளவு உண்டு. கணக்காளர் சொல்லும் அகக்கட்டுப்பாடு அப்படிப்பட்ட மனிதருக்கு எதிரில் எழுப்பிய சுவர். ஒரே பெயருள்ள இரண்டும் எதிரெதிரே நிற்கும் இடம் இது. ஊக்கமுள்ள ஆள்தான் வேண்டும் என்று நிறுவனங்கள் தேர்வு வைக்கின்றன. அதே ஆள் பின்னறைச் சாவியையும் கேட்டால் கொடுக்கத் தயங்குவதில்லை.

கடைசியாக உடம்பு. ரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கினால் உடம்பு மூன்று அடுக்காகத் தடுக்கிறது. முதலில் கணையம் இன்சுலினைக் குறைக்கும். இன்னும் இறங்கினால் குளுக்ககான் சுரந்து, ஈரல் சேமித்த சர்க்கரையை வெளியே விடும். அதோடு அட்ரினலினும் சேரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. இந்த மூன்றாவது அடுக்கு மட்டும்தான் ஆளுக்குத் தெரியும்படி குரல் கொடுக்கும்.

சிறு வயதிலேயே வரக்கூடிய முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் ஊசியில் வருகிறது. போட்ட பிறகு உடம்பால் அதைக் குறைக்க முடியாது. சில ஆண்டுகளில் குளுக்ககானின் பதிலும் மங்கிவிடுகிறது. மூன்று அடுக்கில் அட்ரினலின் ஒன்று மிச்சம். அடிக்கடி சர்க்கரை 70-க்குக் கீழே போய் வருகிறவர்களுக்கு அதுவும் பழகிப்போகிறது. எந்த அளவில் முன்பு கை நடுங்கியதோ அந்த அளவில் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது, இப்போதெல்லாம் நடுக்கமே வருவதில்லை என்பார்கள். முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கி விழுகிறவர்கள் இவர்கள்தான். அதனால் கூர்ந்து கேட்கத் தெரிந்த மருத்துவர், நடுக்கம் வருகிறதா என்பதோடு நிற்காமல், எந்த அளவில் வருகிறது என்று கேட்கிறார், வீட்டாரிடமும் விசாரிக்கிறார், தோலில் ஒட்டும் குளுக்கோஸ் மானி இருந்தால் நள்ளிரவுக் கோட்டைப் பார்க்கிறார்.

இதற்கு வைத்தியம் உண்டு. இன்சுலின் அளவைத் திருத்தி, சில வாரங்கள் சர்க்கரை ஒருமுறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால், பலருக்கு வியர்வையும் நடுக்கமும் திரும்ப வருகின்றன.